நூற்று முப்பது

அந்தக் குழந்தையைக் காப்பாற்றியது நான் மாட்டிய மெஷின்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். இருபத்தெட்டு வருஷமாக எனக்கு அதில் சந்தேகம்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். கர்ப்பிணியின் வயிற்றில் பட்டையைக் கட்டினால், குழந்தையின் இதயத்துடிப்பை எண்ணிக் காகிதத்தில் கோடு போடும் மெஷின். அதைப் பிரசவ ஆஸ்பத்திரிகளில் மாட்டிச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

"ஒரு மாசம் பார்ப்பேன். ஒரு தடவை தப்பாக் காட்டினாலும் திருப்பி அனுப்பிடுவேன்" என்றார் நான் முதலில் மாட்டிய ஆஸ்பத்திரியின் டாக்டர்.

மெஷின் திரும்பி வந்தால் நீயும் வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார்.

பெரிய நர்ஸ் அக்காவோ, மெஷின் ஓடும்போதே கர்ப்பிணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

"அதான் மெஷின் எண்ணுதே, நீங்க எதுக்கு அக்கா எண்ணுறீங்க?"

"உன் மெஷின் இதுவரைக்கும் எத்தனை பிரசவம் பார்த்திருக்கு தம்பி?"

மற்ற நர்ஸ்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. நேரே டாக்டரிடம் போய்ப் போட்டுக்கொடுத்தேன்.

"இனிமே யார் கையையும் பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க. மெஷினைப் பாருங்க!" என்று என் முன்னாலேயே அக்காவை ஒரு பிடி பிடித்தார். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் வாரம் டாக்டர் கூப்பிட்டனுப்பினார். மெஷினைக் கழற்றி எடுத்துவர அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டேன். போனால், கையைப் பிடித்துக் குலுக்குகிறார்!

"நேத்து ஒரு பொண்ணுக்கு வலியோட நல்ல ஜுரம். மெஷின்ல குழந்தையோட துடிப்பு இறங்கிடுச்சுன்னு நர்ஸ் ஓடி வந்தாங்க. உடனே ஆபரேஷன். பத்து நிமிஷம் தாமதிச்சிருந்தா குழந்தை இல்லை."

பதிவேட்டிலும் அக்கா அப்படித்தான் எழுதியிருந்தார். நன்றி சொல்லப் போனேன்.

"தம்பி, இனிமே எங்க மாட்டினாலும் ஒண்ணு சொல்லிக்கொடு. அம்மாவோட நாடியையும் கூடவே பார்க்கச் சொல்லு. ஜுரத்துல அம்மாவுக்குத் துடிப்பு எகிறும். சில நேரம் மெஷின் அதைப் பிடிச்சுக்கிட்டு, குழந்தையோடதுன்னு காட்டிடும்."

"நேத்து அப்படியா ஆச்சு?"

"நேத்து ஆனதைத்தான் எழுதியிருக்கேனே. போய் வேலையைப் பாரு."

அந்த அவசரத்தில் மெஷின் கோடு போட்ட காகிதத்தை யாரும் பார்த்திருக்கவில்லை. நான் விரித்துப் பார்த்தேன். முதலிலிருந்து கடைசிவரை நூற்று முப்பது. நன்றாக இருக்கும் குழந்தைக்கு வரவேண்டிய எண். எங்குமே இறங்கவில்லை.

அப்போதே கேட்டிருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயமா, டாக்டரின் பாராட்டு இனித்ததா? இரண்டும்தான் போலிருக்கிறது. அக்கா சொன்னதை மட்டும் போன இடமெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அதனால் பிழைத்த குழந்தைகள் உண்டு என்று நர்ஸ்கள் போன் செய்வார்கள். அந்த நன்றியும் எனக்கே வந்தது.

போன வாரம் அக்காவின் வீட்டைத் தேடிப் போனேன். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியும் என்னை அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே கேட்டேன்.

"மெஷின் காட்டின நூற்று முப்பது குழந்தையோடது இல்ல, ஜுரத்துல எகிறின அம்மாவோடதுன்னு அந்தப் பொண்ணோட நாடியைப் பிடிச்சு நீங்கதானே அக்கா கண்டுபிடிச்சீங்க? உங்களைப் போட்டுக்கொடுத்தவன் வேலை போயிடக் கூடாதுன்னா அதை மெஷின் பேர்ல எழுதினீங்க?"