ஈரத் துணி

மத்தியான வெயில் சிற்பக்கூடத்தின் உயரமான கண்ணாடி ஜன்னல்கள் வழியே சாய்ந்து விழுகிறது. விடுமுறை முடிந்து வந்த மாணவி, நாளை மதிப்பெண்ணுக்கு வைக்க வேண்டிய தன் களிமண் தலைச்சிற்பத்தின் முன் நிற்கிறாள். காய்ச்சலோடு வீட்டுக்குப் போனவள் அதற்குத் தண்ணீர் தெளிக்க மறந்துவிட்டாள். காய்ந்து வெடித்து உதிர்ந்திருக்கும் என்றே வழியெல்லாம் நினைத்து வந்தாள். ஆனால், போர்த்திய துணி சொதசொதவென்று நனைந்திருக்கிறது. "நீ தண்ணி தெளிச்சியாடி?" என்று கூட வந்த தோழியிடம் கேட்கிறாள். "நானா? என்னோடதே பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. பூட்டையே இப்பதானே திறந்தேன்," என்கிறாள் தோழி, சாவியை ஆட்டிக்கொண்டே. "பேய்க்கு உன் மேல பாசம் போல." இருவரின் சிரிப்பும் பாதியில் நின்றுவிடுகிறது. மாணவி துணியை விலக்கினால், மண் கன்னத்தில் ஒரு கட்டைவிரல் தடம். தன் விரலை வைத்துப் பார்க்கிறாள், பொருந்தவில்லை. சுற்றிலும் மண் சில்லென்றிருக்க, அந்தக் குழி மட்டும் வெதுவெதுப்பாக இருக்கிறது. "அதை வழிச்சு விடுடி. சார் பாத்தா மார்க்கைக் குறைப்பாரு," என்கிறாள் தோழி. மாணவியின் விரல் தடத்தருகே போய்த் தயங்குகிறது. முதுகுக்குப் பின்னால் யாரோ காத்து நிற்பது போலிருக்கிறது. ஆண்டவனை நினைத்துக்கொண்டு கையை எடுத்துவிடுகிறாள். "இருந்துட்டுப் போகட்டும். காப்பாத்துன கைடி இது. வா, உன்னோடதையும் நனைச்சுப் பார்ப்போம்." மூலையிலிருக்கும் வாளியிடம் போகிறாள். தண்ணீர் வட்டம் வட்டமாக அசைந்துகொண்டிருக்கிறது, யாரோ இப்போதுதான் கை நனைத்து எடுத்தது போல.