சிவப்பு அம்புக்குறி

அக்கா போய் முழுசாய் ஒரு மாதம் ஆகவில்லை. அதற்குள் அவள் முகத்தை நோக்கி ஒரு சிவப்பு அம்புக்குறி.

தம்பிக்காரன் கைபேசியைத் தையல் மேசை மேல் வீசினான்.

"என்ன அத்தான் இது?"

அத்தான் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வீடியோ."

"அது தெரியுது. அக்கா கொட்டாவி விட்ட நேரமாப் பார்த்து ஒரு படம், அதுல அம்புக்குறி, 'ஐயோ, இந்தத் தப்பை மட்டும் செஞ்சிடாதீங்க'ன்னு தலைப்பு. பட்டன் தைக்கிறதுல என்ன ஐயோ வேண்டிக்கிடக்கு?"

"இப்படிப் போட்டாத்தான் மேலே காட்டுது. சும்மா போட்டா கிணத்துல போட்ட கல்லு."

"மேலே வந்து கோட்டை கட்டப்போறீங்களா?"



அக்கா தையல்காரி. அவள் சொல்லிக்கொடுக்க, அத்தான் படம் பிடித்து வீடியோ செயலியில் ஏற்றுவார். லட்சம் பேர் பார்த்த காலம் உண்டு. பிறகு அந்தச் செயலிக்கு என்ன கோபமோ, கூட்டம் கரைந்தது. அம்புக்குறி போடலாம் என்று அத்தான் கெஞ்சாத நாள் இல்லை.

"என் மூஞ்சி என்ன வழிகாட்டிப் பலகையா? பார்க்கிறவங்க பார்க்கட்டும், போறவங்க போகட்டும்" என்பாள். அம்மா வரைக்கும் பஞ்சாயத்து போயிற்று. அசையவில்லை.

இப்போது தடுக்க ஆளில்லை. மிச்சம் கிடந்த பழைய பதிவுகளைத் தினம் ஒன்றாய் ஏற்றுகிறார்.

"செத்தவளைக் காட்டிக் கூட்டம் சேர்க்கிறார்னு தெருவே காறித் துப்புது. சேனலை இன்னிக்கே மூடுங்க."

"முடியாது."

"மனுஷனா நீங்க? படுத்த படுக்கையா இருக்கிற அம்மா தாங்க மாட்டாங்கன்னு, அக்காவுக்குத் தொண்டையில ஆபரேஷன், போன்ல பேசக்கூடாதுன்னு நான் தினம் பொய் சொல்லிட்டு இருக்கேன். நீங்க என்னடான்னா..."

அத்தானின் போன் அடித்தது. அம்மாதான். ஈனக் குரல் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். 'நான் இங்கே இல்லை' என்று தம்பிக்காரன் சைகை காட்டினான்.

"மாப்பிள்ளை, நேத்து ஒண்ணும் போடலையா? திறந்தா எவளோ ஒருத்தி வந்து காட்டுக் கத்தல் கத்தினா. எனக்கு எழுதப் படிக்கத் தெரியுமா, தேடத் தெரியுமா? மேலே வர்றதைத் தொடத்தான் தெரியும். இன்னிக்கு என் பொண்ணு வந்துட்டா."

"கொஞ்சம் வேலை, அத்தை. இனிமே விடாம போடறேன்."

தம்பிக்காரன் ஸ்டூலில் உட்கார்ந்தான். அத்தான் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"போடுங்க. மகராசனா இருங்க."

அத்தான் போனை வைக்க விரலை நீட்டினார்.

"அவ உசிரோட இருந்தா அந்த அம்புக்குறியைப் போட விட்டிருப்பாளா, மாப்பிள்ளை? பார்த்த அன்னிக்கே எனக்குப் புரிஞ்சு போச்சு."

அத்தான் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என் பையன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுத்தான் அவன் கொஞ்சமாவது தூங்கறான்."