படிக்கட்டு அக்கா

நானூற்றுப் பன்னிரண்டு போன்களில் நானூற்றுப் பதினொன்று பச்சையாகிவிட்டது.

ஒன்று மட்டும் மஞ்சளாகவே நின்றது. ஐந்தாம் மாடி, கோப்பு அறை.

வாசலில் காவலாளியின் மேஜைமீது மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் படிக்கட்டு அக்கா. உள்ளே தீ ஒத்திகை மணி காது கிழிய அலறிக்கொண்டிருந்தது.

அலுவலக மேஜை போன்களின் சின்னத் திரைகளில் அறிவிப்பு ஏற்றுவது அவள் வேலை. அறிவிப்பு திரையில் தெரிந்துவிட்டால் அந்த போன் அவள் கணினியில் பச்சையாகும். ஒருமுறை 'லிஃப்ட் பழுது, படிக்கட்டில் வரவும்' என்று ஏற்றியவள், திரை எப்போது புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று குறிக்க மறந்துவிட்டாள். லிஃப்ட் அன்று மாலையே சரியாகிவிட்டது. திரையில் வாசகம் மாறவில்லை. ஏழு மாடி ஜனமும் மூன்று நாள் மூச்சிரைக்கப் படியேறியது. நாலாவது நாள் அந்தப் பெயர் அவளுக்கு ஒட்டிக்கொண்டது.

புதிதாக வந்த மேலாளருக்கு அந்தக் கதையே போதும். இன்றைய ஒத்திகையில் ஒரு போன் தவறினாலும் எல்லாத் திரையையும் அணைத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். மணிதான் அடிக்கிறதே, எழுத்து வேறு எதற்கு என்பது அவர் கட்சி.

பக்கத்தில் நின்ற அவர் முகம் மஞ்சளைப் பார்த்ததும் மலர்ந்தது.

"கோப்பு அறையா? அந்த ஆளு எத்தனை தடவை அடிச்சாலும் எடுக்கறதே இல்ல. அவருக்கெல்லாம் எதுக்கு ஒரு போன்?"

ஏனென்று அக்காவுக்குத் தெரியும். ஆனால் தானே இறங்கி வந்து காட்டும்வரை எதுவும் சொல்ல வேண்டாமென்று கோப்பு அறைக்காரர் அவளிடம் முன்பே கேட்டுக்கொண்டிருந்தார்.

'தீ ஒத்திகை, வெளியே வரவும்' என்று மறுபடி அனுப்பினாள். மஞ்சள்.

இன்னொரு முறை. மஞ்சள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. யாரும் தொடாத போன் தூங்கிப் போயிருக்கும். செய்தி போய்ச் சேர்ந்தாலும் இருட்டுத் திரையில் யார் கண்ணில் படும்?

முதலில் திரைக்கு வெளிச்சம், பிறகு செய்தி, இரண்டு நொடிக்கு ஒருமுறை புதுப்பிப்பு என்று மாற்றித் தட்டினாள்.

பச்சை.

வாசலில் இன்னும் ஒருவரையும் காணோம். மணியைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள் உள்ளே பையைத் தேடிக்கொண்டும், பாதியில் விட்ட பேச்சை முடித்துக்கொண்டும் இருந்தார்கள்.

படிகளில் தடதடவென்று சத்தம். ஐந்து மாடியையும் ஒரே மூச்சில் இறங்கி, எல்லோருக்கும் முன்னால் வெளியே வந்து நின்றார் கோப்பு அறைக்காரர்.

மேலாளர் கடிகாரத்தைத் தட்டிக்காட்டினார்.

"பாத்தீங்களா? மணி அடிச்சா போதும்னு சொன்னேன்ல?"

கோப்பு அறைக்காரர் அவருடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்காவிடம் திரும்பி, விரலால் காற்றில் ஒரு சின்னச் சதுரம் வரைந்தார். அதற்குள் ஐந்து விரலையும் மூடி மூடித் திறந்து மினுக்கினார். இரண்டு விரல்களைப் படி இறங்கவிட்டார்.

அக்காவும் விரல்களாலேயே பதில் சொன்னாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

போன வருஷ ஒத்திகையில், தலைக்கு நேர் மேலே மணி அலற அலற, கடைசிவரை கோப்பு அடுக்கிக்கொண்டிருந்தவர் அவர்.

மேலாளர் இரண்டு பேருடைய கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி, இன்னும் அடித்துக்கொண்டிருந்த மணியைப் பார்த்தார்.