ஈயம் போன எடைக்கல்

கடைக்குக் கடை கிலோ மாறுகிறதே என்று ஊரே ஏசியதால், சந்தையிலிருந்த எடைக்கற்களெல்லாம் கூடி, நியாயம் சொல்லத் தராசைக் கூப்பிட்டன.

அரிசிக்கடைக் கல்லுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. எடை சரியாக இருக்க அதன் அடிவயிற்றில் வார்த்த ஈயம் வார்த்தபடியே இருந்தது. மற்ற கற்களின் ஈயத்தை அவற்றின் முதலாளிகள் பேசி வைத்துக்கொண்டு என்றோ ஒரே மாதிரி தோண்டியிருந்தார்கள்.

தராசு ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிப் பார்த்தது. "நீங்க எல்லாரும் சமமா நிக்கிறீங்க. இந்த அரிசிக்கடைத் தம்பி மட்டும்தான் தட்டைக் கீழே இழுக்கிறான். கோளாறு அவன்கிட்டதான்."

"அண்ணே, என்னைக் கவுத்துப் பாருங்க! ஈயத்துல சர்க்கார் முத்திரைகூட அழியல!" என்று கதறியது கல்.

"வயித்துக்குள்ள இருக்கிறதை நான் பாக்கிறதில்ல தம்பி. எனக்குத் தெரிஞ்சது சமம் ஒண்ணுதான்."

மற்ற கற்கள் அதைக் குப்புறத் தள்ளி அமுக்கிப் பிடித்துக்கொண்டன. உளி வந்து, முத்திரையோடு ஈயத்தைத் தோண்டி எடுத்தது.

மறுநாள் அரிசிக்கடைக்குப் பேச்சியம்மாள் வந்தாள். இங்கே வாங்கினால்தான் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வாய் கூடக் கிடைக்கும் என்று, பக்கத்துக் கடைகளையெல்லாம் தாண்டி வருகிறவள். அரிசிப் பையைத் தூக்கியவள் தயங்கி நின்றாள்.

"என்னண்ணே, பை கனக்கலையே?"

"முள்ளைப் பாரும்மா" என்றார் கடைக்காரர்.

தராசு முள் ஆடாமல் அசையாமல் நேராக நின்றது. பேச்சியம்மாள் அதை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"என் கைதான் மரத்துப்போச்சு போல" என்று சொல்லிவிட்டுப் பையோடு நடந்தாள்.