இரும்புக் கடாவின் வேண்டுதல்

துப்பாக்கி சுடும் மைதானத்தின் கோடியில், தகட்டில் வெட்டிய இரும்பு ஆட்டுக்கடா ஒன்று குறிப்பலகையாக நின்றது. குண்டு பட்டால் விழுவதும், யாராவது தூக்கி நிறுத்தினால் திரும்ப நிற்பதும்தான் அதன் பிழைப்பு. அதற்கு அலுத்துப்போய்விட்டது.

ஒருநாள் எழிலரசி என்ற பெண், போட்டிக்கு ஏற்றதை வாங்குவதற்காக இரண்டு கைத்துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்தாள். நீளக் குழல் துப்பாக்கியின் குண்டு பட்டதும் கடா மல்லாக்க விழுந்தது. தூக்கி நிறுத்தியபின் சின்னத் துப்பாக்கியின் குண்டு பட்டபோது 'டங்'கென்று சத்தம் வந்ததே தவிர, கடா அசையவில்லை.

"சாமி, அந்தச் சின்னதையே அவ எடுக்கணும்," என்று கடா வேண்டிக்கொண்டது.

"விழுறதுல உனக்கு என்னண்ணே கௌரவக் குறைச்சல்?" என்றது முன்னால் நின்ற இரும்புக் கோழி.

"நீ சும்மா இருடி. இனிமேலாவது நான் நிமிர்ந்து நிக்கிறேன்."

எழிலரசி இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தாள். "இதுதான் கைக்கு அடக்கமா இருக்கு. குறியும் தப்பல. படுற இடத்துல பட்டா கடாவும் விழும்," என்று சின்னதையே வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் பயிற்சி தொடங்கியது. கோழி முதல் குண்டிலேயே விழுந்து புல்லில் படுத்துக்கொண்டது. கடாவுக்கோ நெற்றி, விலா, தொடை என்று அடி விழுந்துகொண்டே இருந்தது. சாய்த்தால்தான் புள்ளி கிடைக்கும் என்பதால் அவளும் விடுவதாக இல்லை.

"என்னண்ணே, நிமிர்ந்து நிக்கிறியா?" என்று கீழேயிருந்து கேட்டது கோழி.

கடாவின் உடம்பு இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

"ஏண்டி," என்றது அது, "கீழே அந்தப் புல்லு குளுகுளுன்னு இருக்குமே, இப்பவும் அப்படித்தான் இருக்கா?"