லெயாந்த்ரோ வாங்கிய தொட்டி

“அதோ அந்த அகலப் பலகை. பழகுற பிள்ளைங்களுக்கு வெச்சிருக்கியே, அதை எடு” என்றார் லெயாந்த்ரோ.

பலகைக் கடைக்காரி அம்பாரோவுக்குத் தன் காதின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

“யாருக்கு? பேரனுக்கா?”

“எனக்குத்தான். முட்டி வலி.”

கடையிலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தாரிஃபா கடற்கரையில் பாய்ப்பலகை ஓட்டுகிறவர்களுக்கு, அதாவது பாய் கட்டிய பலகையில் நின்று காற்றின் வேகத்தில் கடலில் ஓடுகிறவர்களுக்கு, ஓர் ஆசாரம் உண்டு. பலகை எவ்வளவு சின்னதோ, ஆள் அவ்வளவு பெரியவர். காற்று நின்றால் சின்னப் பலகை ஆளோடு முழுகும். ‘குளியல் தொட்டி’ என்று எல்லோரும் கேலி செய்யும் அகலப் பலகையோ மிதந்து, மெதுவாகவாவது கரை சேர்க்கும். அதனால் என்ன? மிதந்து மானம் கெடுவதைவிட முழுகிக் கௌரவமாக இருப்பதே மேல்.

எடையைக் கேட்டால் பத்துக் கிலோ குறைத்துச் சொல்வார்கள். அனுபவத்தைக் கேட்டால் பத்து வருஷம் கூட்டிச் சொல்வார்கள். அம்பாரோ மனசுக்குள் இரண்டையும் நேர் செய்துகொண்டுதான் பலகையைக் காட்டுவாள்.

லெயாந்த்ரோவோ ஊரிலேயே ஆகச் சின்னப் பலகைக்குச் சொந்தக்காரர்.

“அம்பாரோ, கூடவே ஒரு சோப்பும் துண்டும் வெச்சுக் கொடு. துரை குளிக்கப் போறார்!”

வாசலில் எலாடியோ. லெயாந்த்ரோவுக்கு இளவயதிலிருந்தே சிநேகிதர்; அன்றிலிருந்தே போட்டியும்.

கடையே சிரித்தது.

“புலி கடைசியில புல்லு தின்ன வந்துடுச்சே!” என்றார் எலாடியோ, விடாமல்.

“புல்லு ருசியாத்தாண்டா இருக்கு. நீயும் வந்து மேயேன்.”

“நானா? தொட்டியிலயா? அதுக்குக் கடலோடயே போயிடலாம்.”

போகத்தான் பார்த்தார். குளிர்காலத்தில் எலாடியோவுக்குத் தோளில் ஆபரேஷன் நடந்தது. இனிமேல் அகலப் பலகை மட்டும்தான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியும் இவர் சின்னப் பலகையை விடவில்லை. அவர் மனைவி கொன்சுவேலோ இந்தக் கடைக்கே வந்து அழுதாள்.

“இந்த லெவாந்தே காத்து கரையிலேருந்து கடலுக்குள்ள தள்ளுற காத்து. நடுக்கடல்ல நின்னுபோச்சுன்னா, அந்தத் தோளை வெச்சுக்கிட்டு எப்படி நீந்துவார்? எதிர்க்கரை மொரோக்கோவுலதான் ஒதுங்குவார். உயிரோடயான்னு யாருக்குத் தெரியும்?”

போன மாதம் மீட்புப் படகுதான் அவரை அள்ளிக்கொண்டு வந்தது. எலாடியோ அதை “தெரிஞ்ச படகு, வழியில கொண்டுவந்து விட்டாங்க” என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அடுத்த ஒரு வாரம் கடற்கரைக்கு வேறு வேலையே இல்லை. லெயாந்த்ரோ தண்ணீரில் இறங்கினால் எலாடியோ கரையிலிருந்து கத்துவார்.

“டேய், வெந்நீர் போதுமா?”

“முதுகு தேய்க்க ஆள் அனுப்பட்டுமாடா?”

காற்று இளைத்த மத்தியானங்களில் வீரர்கள் எல்லோரும் சின்னப் பலகைகளை மடியில் கிடத்திக்கொண்டு, மணலில் உட்கார்ந்து வீரம் பேசினார்கள். லெயாந்த்ரோ மட்டும் தேர் மாதிரி அசைந்து அசைந்து, அவர்கள் கண்ணெதிரே போய் வந்துகொண்டிருந்தார்.

“கூச்சநாச்சம் இல்லாத ஜென்மம்” என்று ஊர் ஏகமனதாகத் தீர்ப்புச் சொன்னது.

எட்டாம் நாள் எலாடியோ கடைக்குள் வந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் இல்லை.

“அம்பாரோ, அவன் வாங்கினதே மாதிரி ஒண்ணு எடும்மா.”

அம்பாரோ இடுப்பில் கைவைத்தாள். “ஏன் பெரியவரே, ஒரு வாரமா அந்த மனுஷனை நார்நாராக் கிழிச்சீங்க. இப்ப அதையே வாங்க வந்திருக்கீங்க. வெட்கமா இல்ல?”

“இருக்கு. அதனாலதான் வாங்குறேன்.”

“புரியல.”

“அவனுக்கு முட்டியும் வலிக்கல, மண்ணும் வலிக்கல. யாரும் பார்க்கலைன்னு நினைச்சுப் படகுத்துறைப் படியில ரெண்டு ரெண்டாத் தாவி ஏறினான். நான் பார்த்துட்டேன். நான் தனியா இதுல ஏறக் கூசுவேன்னு, எனக்கு முன்னால தான் ஏறிக்கிட்டு ஊர்ச் சிரிப்பையெல்லாம் வாங்குறான். நான் இன்னும் முரண்டு பிடிச்சுக்கிட்டிருந்தா நானெல்லாம் ஒரு மனுஷனா?”

அம்பாரோ பலகையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். குரல் இறங்கிவிட்டது. “எப்போ பார்த்தீங்க?”

“மூணாம் நாள்.”

“அப்புறமும் ஏன் அவ்வளவு கிண்டல்?”

பதில் சொல்வதற்குள் கண்ணாடிக்கு அப்பால் லெயாந்த்ரோ தெரிந்தார். எலாடியோவின் கையில் அகலப் பலகையைக் கண்டதும் அவர் முகம் பூத்தது. உடனே ஞாபகம் வந்தவராக நொண்ட ஆரம்பித்தார். நேற்றைக்கு நொண்டிய கால் அல்ல.

எலாடியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவை விரியத் திறந்தார்.

“வாடா தொட்டிக்காரா! நீ தனியாக் குளிச்சு வழுக்கி விழுந்துடுவியேன்னு, போனாப் போகுதுன்னு துணைக்கு வர்றேன்!”

பிறகு தலையைத் திருப்பி, உதடு அசையாமல் சொன்னார்:

“நீயும் சத்தமாச் சிரி அம்பாரோ. இல்லேன்னா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு கண்டுபிடிச்சிடுவான்.”