சொந்தக் கால்

கோப்பையைக் கொடுக்க முடியவில்லை. ஜெயித்தவர் மேல் புகார்.

முதியோர் நடைப் போட்டி. சிந்தாமணியில் கிளம்பி, காவிரிப் பாலம் தாண்டி, அம்மா மண்டபம் படித்துறையில் முடிக்க வேண்டும். நான்தான் நடுவர். முதலில் வந்தவர் தென்னூர் லூர்துராணி டீச்சர். இரண்டாவது பீமராவ். அவர் மனைவி துளசிபாய், முட்டிவலிக்காரர், நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"விதியைப் படிங்க சார்," என்றார் பீமராவ்.

படித்தேன். 'சொந்தக் காலில் நடந்து வர வேண்டும்.'

போன வருஷம் ஒருத்தர் மாம்பழச் சாலையிலிருந்து ஆட்டோவில் வந்து ஜெயித்துவிட்டார். அதற்காக நான் எழுதித் தொலைத்த வரி.

"டீச்சருக்கு ரெண்டு முட்டியும் ஆபரேஷன். உள்ளே இருக்கறது உலோகம். அது எப்படி சார் சொந்தக் காலாகும்?"

"பின்னே, வாடகைக் காலா?" என்றார் டீச்சர். "உங்க முட்டி பொறக்கும்போதே கூட வந்தது. இது நான் வலியைப் பொறுத்துக்கிட்டுச் சம்பாதிச்சது!"

கூட்டம் கைதட்டியது.

"கண்ணாடி, பல்செட்டெல்லாம் கழட்டி வெச்சா இங்க எத்தனை பேர் தேறுவோம்?" என்றது ஒரு குரல்.

என் பல்செட் தெரியாதபடி நான் வாயை மூடிக்கொண்டேன்.

பீமராவ் விடவில்லை. "அவ்வளவு நல்ல முட்டின்னா படித்துறையில இறங்கி ஏறிக் காட்டட்டும். எதையும் பிடிக்காம!"

அற்ப மனுஷன்.

"வேண்டாம் டீச்சர்," என்றேன்.

டீச்சர் செருப்பைக் கழற்றினார். விறுவிறுவென்று இறங்கினார். தண்ணீரில் காலை நனைத்தார். அதே வேகத்தில் மேலே வந்து நின்றார்.

துளசிபாய் கைத்தடியை ஊன்றி எழுந்து அவரிடம் போனார்.

"இப்ப வலியே இல்லையாங்க? எந்த டாக்டர்?"

"புகார் வாபஸ்!" என்றார் பீமராவ்.

"என்னய்யா, விளையாடறியா?" என்றேன்.

என் காதருகே குனிந்தார். "மூணு வருஷமா இவகிட்ட ஆபரேஷனுக்குக் கெஞ்சறேன் சார். பண்ணினா படுத்த படுக்கைதான்னு பயப்படறா. நான் சொன்னா நம்பலை. கண்ணால பார்க்கணுமில்ல?"

கோப்பையை டீச்சரிடம் கொடுத்தேன். முதல் கைதட்டல் பீமராவுடையது.

அடுத்த வருஷமும் டீச்சர்தான் முதல். இரண்டாவது துளசிபாய். கைத்தடி இல்லை.

மூன்றாவதாக, மூச்சு வாங்க, முகமெல்லாம் சிரிப்பாக, சொந்தக் காலில் வந்து சேர்ந்தார் பீமராவ்.